தொட்டிக்கு எதிர்ப்பக்கம்

...போகிறேன் என்றால் போக வேண்டியதுதானே, அதற்கு ஏன் ஒரு காரணம், அதிலும் அப்படி ஒரு காரணம், மலர்விழி ஜன்னலோரமாக இன்னும் கொஞ்சம் ஒடுங்கி உட்கார்ந்தாள், திண்டிவனத்தில் ஏறிய கூட்டம் இன்னும் இடம் பிடித்து முடியவில்லை, யாருடைய பையோ தோளில் இடித்துக்கொண்டே இருந்தது, இடிக்கட்டும், சம்பளம் பத்தவில்லை என்று அம்சவள்ளி சொல்லியிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும், ஷூ கம்பெனியில் வீட்டு வாசலுக்கே வேன் வருகிறது, பி.எஃப். பிடிக்கிறார்கள், மதியம் சாப்பாடு போடுகிறார்கள், எல்லாம் நியாயமான காரணங்கள், யார் குறை சொல்ல முடியும்... ஆனால் அவள் என்ன சொன்னாள், நேற்று சாயங்காலம் விதைப்பண்ணை ஷெட் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல், "நீ வராத நாள்லேர்ந்து ஷெட்டு ஷெட்டாவே இல்ல மலரு." வராத நாளா? தினமும்தானே வருகிறேன்? பத்து மணிக்கு டாணென்று வந்துவிடுகிறேன், ஷெட்டுக்குப் பக்கத்து அறையில்தானே உட்கார்ந்திருக்கிறேன், நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு, அவ்வளவுதானே? அதைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. "நாளைக்குப் போய்ப் பாத்துட்டு வர்றேன், புடிச்சா இருந்துக்கறேன், சாயங்காலமா சொல்றேன்" என்று அம்சவள்ளி கிளம்பிவிட்டாள். அந்த நாளைதான் இன்று. இந்நேரம் கம்பெனி வேனில் ஏறியிருப்பாள்.

சாயங்காலத்துக்குள் கையில் ஏதாவது இருக்க வேண்டும், வெறுங்கையோடு போய் இரு என்று சொன்னால் எவள் இருப்பாள், விழுப்புரத்தில் சக்கரபாணி சாரிடம் கேட்டுவிட வேண்டியதுதான், பண்ணையின் தலைமை அலுவலகத்தில் அவர் வைத்ததுதான் சட்டம், சூப்பர்வைசர் என்று ஒரு பதவி, தனியாக ஒரு நாற்காலி, மேஜை... நாற்காலியா? அம்சவள்ளிக்கா? அவளை நாற்காலியில் வைத்துப் பார்க்க மனம் முயன்றது, முடியவில்லை, தரையில் மணைக்கட்டை போட்டுச் செடித் தொட்டிக்கு முன்னால் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள்தான் கண்ணுக்குள் வந்தாள். போதாக்குறைக்கு அங்கே இன்று நடக்கிற ஷெட் இன்சார்ஜ்கள் கூட்டத்தில் மலர்விழி பேச வேறு வேண்டுமாம், தலைப்பும் அவரே கொடுத்திருந்தார், பணியாளர்களை ஆர்வத்தோடு வேலை செய்ய வைப்பது எப்படி. "ஒரு காலத்துல உங்க ஷெட்டுதாம்மா நம்பர் ஒன், அந்த ரகசியத்த அவங்களுக்குக் கொஞ்சம் எடுத்து வுடுங்க." ஒரு காலத்தில் என்ற வார்த்தையை அவர் யோசித்துத்தான் போட்டாரா, இல்லை வாய்க்கு வந்ததா, சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இருக்கிற ஒரே நல்ல ஆளும் இன்று காலை வேன் ஏறிவிட்டாள், அதை எப்படி என்று வேண்டுமானால் எடுத்து விடலாம்.

ரகசியம் என்ன பெரிய ரகசியம், அப்போது யாருக்கு அதெல்லாம் தெரியும், பிளஸ் டூ முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் ஒரே பருவத்தில் வேலைக்கு வந்து சேர்ந்தவர்கள்தான் இரண்டு பேரும், ஆபீஸ் தாளில் அது நிலக்கடலை, ஷெட்டுக்குள் வந்தால் மல்லாட்டை, இந்த ரகத்தையும் அந்த ரகத்தையும் சேர்த்துப் புது ரகம் எடுக்க வேண்டும், அதற்கு வரிசை வரிசையாகத் தொட்டிகள், ஒரு தொட்டிக்கு இந்தப் பக்கம் மலர்விழி, எதிர்ப்பக்கம் அம்சவள்ளி. மறுநாள் விரியப்போகிற மொட்டை முதல் நாள் சாயங்காலமே கண்டுபிடிக்க வேண்டும், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், இரண்டு விரலுக்குள் அதை நிறுத்தி, இடுக்கியால் இதழை ஒதுக்கி, உள்ளே இருக்கிற மகரந்தப் பைகளை ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டு, நடுவில் நிற்கிற அந்த மெல்லிய தண்டுக்கு மட்டும் ஒரு கீறலும் படாமல்... மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட வேண்டும். எடுத்த பூவுக்கு ஒரு சிவப்பு நூல். விடிந்ததும் மற்ற ரகத்தின் பூவிலிருந்து தூளைக் கொண்டுவந்து அதில் தொட வேண்டும், அவ்வளவுதான் வேலை, சொல்லிப்பார்த்தால் ஒன்றுமே இல்லை, ஆனால் உட்கார்ந்துவிட்டால் உலகத்தில் வேறு எதுவும் இல்லை. வைத்த டீ ஆடை கட்டிப்போகும். ஒருநாள் ஷெட்டின் கூரை ஓட்டை வழியாக மழை இறங்கி முதுகு நனைந்தது இரண்டு பேருக்குமே தெரியவில்லை, கூட வேலை செய்கிற கோவிந்தம்மாள்தான் வந்து கத்தினாள், "ஏண்டி, இப்படி நனைஞ்சிக்கினு கெடக்கறீங்களே, உங்க ரெண்டு பேருக்கும் புத்தி கித்தி இருக்கா?"

தன்னைப் பெண் பார்க்க வந்த நாளை மறக்க முடியுமா, வளவனூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள், பெண்ணைக் காணோம், பெண் இங்கே ஒரு மொட்டு, இன்னும் ஒரே ஒரு மொட்டு என்று உட்கார்ந்திருக்கிறாள், அம்மா ஆள் அனுப்பிக் கூட்டிப்போனபோது தலையெல்லாம் மஞ்சள் இதழ், வந்தவர்கள் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனவர்கள்தான், பதிலே இல்லை. ஒரு வாரம் ஆகியும் இல்லை என்றதும் அம்சவள்ளி விழுந்து விழுந்து சிரித்தாள், "போனா போவட்டும், அந்த மொட்டு புடிச்சிக்கிச்சா இல்லியா, அத சொல்லு." பிடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு முன்னால் வளவனூர் மாப்பிள்ளையாவது ஒன்றாவது. அப்புறம் வேலைக்குப் புதிதாக வந்த பெண்கள், அவர்களுக்கு யார் என்ன சொல்லிக்கொடுத்தார்கள், ஒன்றும் சொல்லவில்லையே, வந்து பக்கத்துத் தொட்டியில் உட்காருவார்கள், கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசுவார்கள், இந்த இரண்டும் வாயே திறக்காமல் குனிந்திருப்பதைப் பார்ப்பார்கள், பேச்சு மெல்ல நின்றுவிடும், ஓயாமல் பேசுகிற கோவிந்தம்மாளே அடங்கிப்போனாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை சக்கரபாணி சார் திடுதிப்பென்று வந்து நின்று, இங்கே யார் இன்சார்ஜ் என்று கேட்டார், எல்லோரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள், உண்மையிலேயே யாருக்கும் தெரியவில்லை. கோவிந்தம்மாள்தான் நிமிராமலே சொன்னாள், "பூவுதான் சார் இன்சார்ஜு. அது சொல்றத கேட்டுக்கினு கெடக்கறோம்."

அதற்கப்புறம்தான் மலர்விழிக்குத் தபால் வழியில் பட்டம், இன்சார்ஜ் உத்தரவு, அறை, கம்ப்யூட்டர்... உத்தரவு வந்த புதிதில் காலையில் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டுத்தான் அறைக்குப் போவாள், பிறகு அறிக்கை அனுப்பும் நாட்களில் மட்டும் உட்காரவில்லை, பிறகு... பிறகு எப்போது அடியோடு நின்றது? நினைவில்லை. பஸ் கூட்டேரிப்பட்டில் நின்று கிளம்பியது, மயிலம் போகிறவர்கள் இறங்கியதில் கொஞ்சம் காற்று வந்தது. ஸ்டார் போர்டு வைத்தது நல்ல எண்ணத்தில்தானே, ஏதோ ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள், பாராட்டுங்கள், எல்லோர் கண்ணிலும் படும்படி பாராட்டுங்கள், வேலை தானாக நடக்கும் என்று. சுவரில் ஒரு பலகை, யார் அதிகப் பூ முடிக்கிறார்களோ அவர்கள் பெயருக்கு நேரே ஒட்டுகிற நட்சத்திரம், பெண்களுக்கு அப்படி ஒரு உற்சாகம், கைகள் பறந்தன, சிவப்பு நூல் பண்டல் பண்டலாகத் தீர்ந்தது. அந்தப் பருவத்து விதையை எடுத்து முளைக்கப் போட்டுப் பார்த்தால் முக்கால்வாசி தாய்ச்செடியே திரும்பி வந்து நின்றது, கலப்பே இல்லை, மகரந்தப் பையை அரையும் குறையுமாக எடுத்துவிட்டு நூலை மட்டும் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்கள். அதிக நட்சத்திரம் அம்சவள்ளிக்குத்தான், அவள் பூ ஒன்றுகூடத் தவறவில்லை, அது வேறு விஷயம், ஆனால் ஒருநாள் காலையில் பார்த்தால் பலகையில் அவள் வரிசையே இல்லை, அவளே சுரண்டி எடுத்திருக்கிறாள். அன்றைக்குக் கோபம் வந்தது, ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "எனுக்கு வாணாம் மலரு. பூவ பாக்கசொல்ல கண்ணுல போர்டு வந்து நிக்குது, பேஜாரா கீது" என்றாள். இவ்வளவுதானா ஒரு காரணம் என்று தோன்றியது அப்போது. உனக்காகத்தானே வைத்தேன், உன்னை எல்லோரும் பார்க்கட்டும் என்றுதானே...

இதையெல்லாம் கூட்டத்தில் சொல்ல முடியுமா? முதலில் வணக்கம், பிறகு குழு உணர்வு, பிறகு பாராட்டு, கடைசியில் நன்றி, இப்படித்தான் பேச வேண்டும், அதைத்தான் பேசப்போகிறாள். பேசி முடித்த கையோடு உத்தரவை வாங்கிவிட வேண்டும், மூன்று மணிக்குள் பஸ் பிடித்தால் சாயங்காலம் அம்சவள்ளியின் வீட்டு வாசலிலேயே போய் நிற்கலாம், இந்தா, சூப்பர்வைசர், இனிமேல் நீதான் ஷெட், போகாதே... போகாதே என்பதை மட்டும் முதலில் சொல்லிவிட வேண்டும், அதற்குத்தான் நாக்கு எழாது, நேற்றும் எழவில்லை. எதிர்ப்பக்கம் அவள் இல்லாத தொட்டியை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. அங்கேதான் போன் அடித்தது, திரையில் அம்சவள்ளியின் பெயர்.

வேன் ஏறவில்லையோ, திரும்பிவிட்டாளோ, "எங்கடி கீற?" என்று கேட்டாள், கேட்டதும் தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்தது, இத்தனை வருஷத்தில் டி போட்டு எத்தனை நாளாயிற்று. "வேன்லதான் போய்க்கினு கீறேன். அத்த வுடு. வானத்த பாத்தியா? ஒரேடியா மூடிக்கினு கீது. பூவு லேட்டாதான் விரியும். கோவிந்தம்மா எப்பவும்போல ஜல்தி ஜல்தின்னு இப்பவே தூளத் தொட்டுடப் போவுது, ஒண்ணுகூட புடிக்காது. நானும் போட்டு போட்டு பாக்கறேன், அது போன எடுக்க மாட்டேங்குது. நீ கொஞ்சம் சொல்லேன்." சொல்கிறேன் என்றாள் மலர்விழி. "அம்சா, நீ சாயங்காலம்..." அதற்குள் வேனுக்குள் யாரோ அடையாள அட்டை கேட்கிற சத்தம், "அப்புறமா பேசறேன்" என்று பேச்சு அறுந்துபோனது.

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தாள். ஆமாம், வானம் முழுக்கச் சாம்பலாக மூடிக்கிடந்தது, சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை, இன்று காலையிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்க வேண்டும், திண்டிவனத்திலிருந்து ஜன்னலோரத்தில்தானே உட்கார்ந்து வருகிறாள், எதைப் பார்த்துக்கொண்டு வந்தாள்? கோவிந்தம்மாளின் எண்ணைத் தேடி அழுத்தினாள். நல்லவேளை, எடுத்துவிட்டாள். கொஞ்சம் பொறு, பூ விரியட்டும் என்று சொன்னாள், சரிங்க மேடம், சரிங்க மேடம் என்று கேட்டுக்கொண்ட கோவிந்தம்மாள், "அப்ப இன்னிக்கு எந்தத் தொட்டிய மொதல்ல பாக்கறது மேடம்? எதுல மொட்டு எடுத்து வச்சிருக்குன்னு அம்சா ஒண்ணும் சொல்லாம போயிடுச்சி, நீங்க சொல்லுங்க" என்றாள். மலர்விழி வாயைத் திறந்தாள். எந்தத் தொட்டி, எந்த வரிசை, இந்தப் பருவத்தில் எந்த ரகத்துக்கு எதைச் சேர்க்கிறார்கள் என்பதுகூட... பஸ் நகர்ந்து முண்டியம்பாக்கத்தை நோக்கி வேகம் பிடித்தது, போனில் கோவிந்தம்மாள் மேடம், மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், அம்சவள்ளி போவது இன்றைக்கு, சரி... நான் எப்போது போனேன்?