முப்பத்திரண்டு அடி அருகாமை

2019 ஆவணியில் சிறையிலிருந்து நெடுங்கேணிக்கு வீடு வந்த குகதாசனால் தன் மனைவி பிரியந்தினியை முப்பத்திரண்டு அடிக்கு மேல் நெருங்க முடியவில்லை. அவர் ஓரடி வைத்தால் நடுவில் இருந்த முற்றம் ஓரடி நீண்டது. அவள் ஓடி வந்தபோது முற்றமும் கூடவே ஓடியது. ஒரே மாமரத்தை அவள் இரண்டு தரம் கடந்தாள். கிராம சேவகர் நாடா பிடித்து அளந்து கொப்பியில் குறித்துக்கொண்டு போனார்.

ஒன்பது வருடம் அவர் தெற்கில் அடைபட்டிருந்தார். அந்த ஒன்பது வருடமும் வெள்ளிக்கிழமை தோறும் பிரியந்தினி, ‘அவருடைய அருகாமையைத் தா தாயே’ என்று துண்டுக் காகிதத்தில் எழுதி அம்மன் கோவில் வேம்பில் கட்டிவந்தாள்.

ஊரார் முயன்று பார்த்தார்கள். இருவரையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார்கள். பெட்டி முப்பத்திரண்டு அடிக்கு நீண்டு, வளைவில் திரும்ப முடியாமல் நின்றது. வவுனியாவுக்குப் போவதென்றால் அவள் முதல் பஸ்ஸிலும் அவர் அடுத்த பஸ்ஸிலும் போனார்கள். அவர் வயலோரக் கொட்டிலில் படுத்தார். அவள் சோற்றுக் கோப்பையை முற்றத்துக் கதிரையில் வைத்துவிட்டு விலகுவாள், அவர் வந்து எடுப்பார். கோப்பையின் விளிம்பில் அவளுடைய விரல் ஈரம் காயாமல் இருக்கும். அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் சாப்பிடுவார்.

கார்த்திகையில், அவளுடைய சிநேகிதியான தமிழ் ரீச்சர் மார்கிறட் பார்க்க வந்து, அம்மனிடம் என்ன கேட்டாள் என்று விசாரித்தா.

“கிட்ட இருக்கிறதுக்கு அருகாமை எண்டுதான் எல்லாரும் எழுதீனம், பிரியந்தினி. ஆனா அது கல்லாமை, இல்லாமை மாதிரி. கிட்ட வராமை எண்டுதான் சரியான கருத்து.”

நானூற்று அறுபத்தெட்டு வெள்ளிக்கிழமையும் தான் எதைக் கேட்டு எழுதினாள் என்பது விளங்கியதும் பிரியந்தினி மண்ணில் இருந்துவிட்டாள். வாற வெள்ளி ‘பக்கத்தில்’ என்று மாற்றி எழுதிக் கட்டுவதாகச் சொன்னாள். எதையும் அரைகுறையாகச் சொல்லி விடாத மார்கிறட், அருகுதல் என்றால் குறைந்துபோதலும்தான், ஆகவே அருகாமை என்றால் குறையாமை என்றும் வரும் என்றா. கொட்டில் வாசலில் நின்ற குகதாசனுக்கும் அது கேட்டது.

பொழுதுபட்டதும் அவர் முற்றத்து ஓரத்துக்கு வந்தார். பிறகு, “அதை மாத்தாதையும்” என்றார். “உள்ளுக்கை இருந்த கன பேருக்கு ரெண்டு மூண்டு வரியத்திலை மனிசியின்ரை முகமே தேஞ்சு போச்சுது. எனக்கு ஒண்டும் குறையேல்லை.”

“என்னைத் தொடாமலே இருந்திடுவியளோ?”

“ஏலாதுதான்” என்றார் குகதாசன். “எண்டாலும் மாத்தாதையும்.”

அந்த வெள்ளி பிரியந்தினி கோவிலுக்குப் போனாள். காகிதம் கொண்டுபோகவில்லை.

இப்போது ஊருக்குப் பழகிவிட்டது. காலபோகத்தில் இருவரும் ஒரே வயலின் இரண்டு பக்கத்திலும் நின்று, உரத்த குரலில் கதைத்துக்கொண்டு களை பிடுங்குகிறார்கள். நடுவால் போகவேண்டியவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி, அவரையும் அவளையும் பார்த்து, “ஒருக்கா விலத்துங்கோ” என்று கேட்டுக்கொண்டு கடந்து போகிறார்கள்.