காயிபின் உடல்நிலை

1

எங்கள் ஊர் ஸுபைர் சந்தையில் தக்காளி வாங்கப் போன இடத்தில், சாசிப் என்கிற விவசாயி சொன்ன கதை இது. சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை; எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: ‘பாலைவனத்தின் மேல் சூரியன் ரத்தச் சிவப்பாக...’

சீ.

இரண்டாவது: சாசிபின் தக்காளி வயலில், போரில் எரிந்த டாங்கி ஒன்று நிற்கிறது. அதைத் துளைத்த குண்டு வலுவிழந்த யுரேனியத்தில் செய்தது. வலுவிழந்ததாம்! அத்தனை கனத்த இரும்பில் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் போயிருக்கிறது. பெயர் வைத்தவன் நன்றாக இருக்கட்டும்.

2

சாசிபின் மனைவி நஜாத்துக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டன. (எப்படி இருந்தன என்று எழுத மாட்டேன். அதைப் பார்க்கவென்றே வந்த வாசகர் எழுந்து போகலாம்.) டாங்கியால்தான் என்று நான் சொல்லவில்லை, என்னிடம் ஆதாரம் இல்லை. ஆதாரம் தேட வந்தவர் எப்படித் தேடினார் என்பதுதான் கதை.

இப்போது நஜாத் மறுபடி முழுகாமல் இருக்கிறாள். நாசிரியாவில் அக்கா வீட்டுக்குப் போய்விடலாம் என்கிறாள். வயலை விட்டால் சாப்பாட்டுக்கு என்ன வழி என்கிறான் அவன். மண்ணைச் சோதிக்க வெளிநாட்டு நிபுணர் வருகிறாராம். அவர் சொல்கிறபடி கேட்பதென்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

3

நிபுணர் முகமூடி, கையுறை சகிதம் வந்தார். நஜாத் தட்டில் தக்காளியும் உப்பும் கொண்டுவந்து வைத்தாள்.

“இப்பதான் சாப்பிட்டாராம்” என்றான் மொழிபெயர்ப்பாளன்.

“போன தடவை வந்தவரும் இப்பதான் சாப்பிட்டிருந்தாரு. இவங்கள்லாம் வயித்துக்கு வஞ்சகம் பண்றதில்ல போல” என்றான் சாசிப்.

பக்கத்து வயல்காரன் கத்தினான்: “அபூ காயிப்! பம்ப நிறுத்தவா?”

[அடிக்குறிப்பு, இங்கேயே: பிள்ளை இல்லாதவனையும் நாங்கள் ‘இன்னாரின் அப்பா’ என்றே மரியாதையாகக் கூப்பிடுவோம். அபூ காயிப், காயிபின் அப்பா. காயிப் என்றால் இங்கே இல்லாதவன்.]

நிபுணருக்குக் கொஞ்சம் அரபு தெரியும். அதுதான் வினை.

“காயிப் எப்படி இருக்கான்? உடம்பு நல்லா இருக்கா?”

மொழிபெயர்ப்பாளன் வாயைத் திறந்தான். சாசிப் கண்ணாலேயே அடக்கினான்.

“அவனுக்கென்னய்யா! ஒரு சளி, இருமல்னு வந்ததில்ல. ராத்திரில அழுததுகூட இல்ல.”

“இங்கேயேதான் வளர்றானா?”

“இந்த வீட்ட விட்டு வெளிய போனதே கிடையாது.”

நிபுணர் சந்தோஷமாக எழுதிக்கொண்டார். நஜாத் உள்ளே போய்விட்டாள்.

4

அறிக்கை வந்தது. மண்ணில் கவலைப்பட ஒன்றுமில்லை, அந்த வீட்டுக் குழந்தை நலம், தாராளமாகக் குடியிருக்கலாம்.

இதைச் சொல்லித்தான் சாசிப் சந்தையில் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

“போலாமான்னு கேட்டுக்கிட்டே இருக்கா. அவர் சொல்றபடி கேக்கறதுன்னு பேச்சு. ஆனா நான் சொன்ன பொய்யத்தானே அந்தாளு எனக்கே திருப்பிச் சொல்லியிருக்கான்?”

5

முடிவு ஒன்று: வயலை விட்டுவிட்டு நாசிரியாவுக்கு...

முடிவு இரண்டு: நஜாத் இந்த வயல் வீட்டிலேயே பெற்றெடுக்கிறாள். குழந்தை...

இரண்டையும் எழுதக் கை வரவில்லை. நஜாத் மூட்டையோடு வாசலில் நிற்கிறாள். தட்டு அங்கேயேதான் இருக்கிறது. (நான் வாங்கிய தக்காளியும் பையிலேயே கிடக்கிறது. எழுத்தாளனுக்குப் பசியில்லை.)

முடிவை நீங்களே சொல்லுங்கள். ‘பயப்பட ஒன்றுமில்லை, இங்கேயே இரு’ என்று அவளிடம் சொல்லப் போகிறீர்கள் என்றால், முதலில் அந்தத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடியுங்கள். இப்போதுதான் சாப்பிட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.