பெட்டிக்குள்ளே ஒரு முதலாளி

கேகாலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இன்டர்நெட் கடை வைத்திருப்பவள் நான், அனுஷியா. எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. அந்தச் சனிக்கிழமை நிரோஷா வந்து, இருந்த கொஞ்சத்தையும் காலி பண்ணினாள்.

ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. அடுத்த மாதம் கல்யாணம். கட்டாரில் வேலை செய்யும் அண்ணன் அஜந்தன், "சீர்ச் சேலைய நீயே நெட்டுல பாத்து எடு, நான் இங்கருந்து காசு கட்டுறேன்" என்று சொல்லியிருந்தான். தீபாவளிக்கு ஒரே துணியை வாங்கி வீட்டில் எல்லோருக்கும் தைத்துப் போடுகிற குடும்பம் அது. தனக்கென்று ஒன்றை அவள் தேர்ந்தெடுத்ததே இல்லை. இன்றைக்கும் முடியாவிட்டால், கூட வந்திருந்த அத்தை தங்கம்மாவே கடைக்குப் போய் ஒன்றை எடுத்துவிடுவாள். அதுதான் பிள்ளைக்குப் பயம்.

திரையில் ஒரு சேலையைத் தொட்டால், 'உங்களுக்குப் பிடிக்கக்கூடியவை' என்று கீழே பத்து வந்து நிற்கும். அதில் ஒன்றைத் தொட்டால் இன்னும் பத்து. முந்தி வந்தவர்கள் பார்த்த பிரஷர் குக்கர், காலுக்குப் போடும் சப்பாத்து, தொட்டில் எல்லாம் நடுவே வரும். யார் வந்து உட்கார்ந்தாலும் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரே ஆள்தான். நிரோஷா ஒன்று விடாமல் திறந்து பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

"தொட்டில் எதுக்குடி இப்ப? அவ்வளவு அவசரமா?" என்றேன்.

"முதலாளி இவ்வளவு எடுத்து விரிச்சுக் காட்டுறாரு. பாக்காம போனா மனசு நோகாதா அக்கா?"

எனக்குத் தலை சுற்றியது. "அடிப் பைத்தியமே! உள்ள முதலாளியும் இல்ல, மடிச்சு வைக்க ஆளும் இல்ல. எல்லாம் மிஷின். தைரியமா வேணாம்னு சொல்லு!"

"வேணாம்," என்றாள் மெதுவாக. ஒன்றும் நடக்கவில்லை. "குக்கர் வேணாம். தொட்டில் இப்போதைக்கு வேணாம்." குரல் ஏற ஏறச் சிரிப்பும் வந்தது. கடைசியில் ஒரு கத்தரிப்பூ நிறச் சேலையில் கை நின்றது.

"இதுதான் அக்கா."

"கல்யாணத்துக்குக் கத்தரிப்பூவா?" என்று அத்தை எழுந்தாள். "செவப்ப எடு. ஒனக்குச் செவப்புதான் எடுப்பா இருக்கும்."

நிரோஷா என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன்.

"வேணாம் அத்தை. எனக்கு இதுதான் புடிச்சிருக்கு."

"சரி, எடு" என்றாள் அத்தை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், என் தங்கச்சிக்கே சேலை எடுத்த மாதிரி.

அண்ணனுக்குச் சொல்ல நிரோஷா போனோடு வெளியே போனாள். தங்கம்மா அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"என் கல்யாணத்துக்கும் செவப்புதான் எடுத்தாங்க. புடிக்கவேயில்ல. வாயத் தொறக்கல," என்றவள் திரையைக் காட்டினாள். "பிள்ள, எனக்கும் கொஞ்சம் காட்டேன்."

"என்னம்மா வாங்கப் போறீங்க?"

"வாங்கறதுக்கில்ல. வேணாம்னு சொல்றதுக்கு."