அகேதிலின் ஒற்றைக் கொம்பு

அகேதிலை அன்றைக்கு நான் பார்த்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரே கேட்டபோது பார்க்கவில்லை என்று சாதித்தவன் நான்.

ஏப்ரல் மாதத்தில் எங்கள் ஊரில் ஓர் ஆம்பிளையை வீட்டில் பிடிப்பது கஷ்டம். மரால் மான்கள் கொம்பு உதிர்க்கும் மாதம் அது. பள்ளிக்கூட வாத்தியாருக்குத் திடீரென்று முதுகுவலி வரும். டிராக்டர் ஓட்டுகிறவனின் மாமியார் நாலாவது தடவையாகச் சாவாள். எல்லோரும் குதிரை ஏறி மலைக்குக் கொம்பு பொறுக்கப் போய்விடுவார்கள். நானும் அகேதிலும் பதினோரு வருடம் கூட்டுச் சேர்ந்து போனோம். என்னைவிட ஆறு மாதம் மூத்தவன் அவன். அந்த ஆறு மாதத்தை வைத்துக்கொண்டு என் மேல் அவன் செய்த அதிகாரம் கொஞ்சநஞ்சமல்ல.

மான் இரண்டு கொம்பையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டுப் போகாது. ஒன்றை இங்கே உதறும், மற்றதை மறுநாள் வேறு எங்காவது மரத்தில் இடித்துத் தள்ளும். ஜோடி சேர்ந்தால்தான் எங்களுக்குக் கொண்டாட்டம். ஜோடி சேர்த்தவன் ஒன்றை மற்றதன் மேல் தட்டுவான். ஒரு தட்டு, கொஞ்சம் நிறுத்தி, அடுத்தடுத்து இரண்டு தட்டு. ‘கிடைத்துவிட்டது, இங்கே வா’ என்று அர்த்தம். அந்தக் கணக்கு எங்கள் இருவருக்கும் மட்டும் உரியது. பள்ளத்தாக்கின் எந்த மூலையில் இருந்தாலும் எனக்குக் கேட்கும்.

அந்த வருடம் ஓர் அற்ப விஷயத்துக்குச் சண்டை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு போகலாம், பனி இறுகட்டும் என்றேன். ‘உனக்கு எப்பவும் பயம்தான்டா’ என்று சொல்லிவிட்டு மறுநாள் என்னை எழுப்பாமல் தனியாகப் போய்விட்டான். பதினோரு வருடத்தில் முதல் தடவை. எனக்கு வயிறு எரிந்தது.

மதியம் ஆற்றுத்துறையில் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். எதிரே வருகிறான். சேணத்தின் பின்வாரில் ஒற்றைக் கொம்பு, ஆறு கிளை, முழங்கைப் பருமன். அப்படி ஒன்றை அதற்கு முன் நான் தொட்டதில்லை. என்னைக் கண்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

“பாத்தியாடா ஸெய்னோல்லா? கராஷாட் இடுக்குல கிடந்துச்சு. சாரிகொல் சரிவுக்குத்தான் போனேன், அங்க ஒண்ணுமில்ல. சும்மா இடுக்குல எட்டிப் பாத்தேன், கிடக்குது ராஜா மாதிரி!”

அப்போதுதான் அந்த வார்த்தை என் வாயில் வந்தது.

“சிரல்கி,” என்றேன்.

வேட்டையிலிருந்து திரும்புகிறவனுக்கு எதிர்ப்படுகிற முதல் ஆள் இந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும். சேணத்தில் இருப்பதை அவிழ்த்துக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காதவனுக்கு மலை அப்புறம் எதையும் தராது. இறைச்சிக்கென்று ஏற்பட்ட வழக்கம். கொம்புக்கும் அது செல்லுமா என்று எங்கள் ஆட்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ஒன்று மட்டும் எல்லோருக்கும் தெரியும். கூட்டாளியிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. கேட்டால் அது கேட்பதல்ல, முகத்தில் துப்புவது.

அகேதிலின் சிரிப்பு நின்றது. “என்கிட்டயாடா?”

“ஏன், உங்கிட்ட கேக்கக் கூடாதா? கூட்டாளியா இருந்தா காலைல என்னை எழுப்பியிருப்பே.”

வாரை அவிழ்த்துக் கொம்பை என் கையில் கொடுத்தான். பிறகு குதிரையை வந்த வழியே திருப்பினான்.

“எங்கடா போற?”

“இதோட ஜோடி அங்கதான் எங்கயாவது கிடக்கும். அதையும் நீ கேட்டு வாங்கறதுக்கு முன்னாடி நான் எடுத்துக்கறேன்.”

சாயங்காலம் அவன் குதிரை மட்டும் வீடு திரும்பியது, வயிறுவரை ஈரமாக.

அவன் மனைவி குல்பாஷ் அண்ணி வீட்டு முற்றத்தில் ஊரே கூடிவிட்டது. ‘சாரிகொல் போறேன்னுதான் சொன்னாரு’ என்று அண்ணி சொன்னாள். அவன் தம்பி ஒராஸ் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தான்: “யாராவது பாத்தீங்களா?” என் முறை வந்தது. கொம்பு என் கொட்டகையில் சாக்குக்கு அடியில் இருந்தது. இராத்திரிக்குள் நடந்தே வந்துவிடுவான், அப்புறம் எதற்கு அசிங்கம் என்று நினைத்தேன். “இல்ல,” என்றேன். அந்த ஒரு சொல்லை விழுங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுநாள் எல்லோரும் சாரிகொல்லில் தேடினார்கள். அதற்கடுத்த நாளும் அங்கேதான். இரண்டாம் நாள் நான் மட்டும் ‘பின்பக்கம் பார்த்துவிட்டு வருகிறேன்’ என்று கழன்றுகொண்டு கராஷாட்டுக்குப் போனேன். நானே அவனைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்துவிட்டால் பொய் அதோடு அமுங்கிவிடும் என்ற நப்பாசை.

இடுக்கின் வாய் அடைந்திருந்தது. மேலிருந்து சரிந்த பனி, இரண்டு ஆள் உயரத்துக்குச் சுவராக நின்றது. இதற்கு அடியில் போய்விட்டான் என்று புரிந்துவிட்டது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது கேட்டது. டக். கொஞ்சம் நிறுத்தி, டக் டக்.

என் உடம்பில் மயிர் ஒவ்வொன்றும் எழுந்து நின்றது. பனிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மெல்லிசாக, எங்கள் தட்டு. இரண்டு கை தட்டினால்தான் ஓசை. இரண்டு கொம்பு இல்லாமல் அந்த ஓசை வராது. அவன் தேடிப் போன கொம்பின் ஜோடி என் கொட்டகையில் சாக்குக்கு அடியில் கிடக்கிறது. பிறகு இங்கே எதை எதன் மேல் தட்டுகிறான்? என் அம்மா சொல்வாள், செத்தவன் கூப்பிட்டால் வாய் திறக்காதே, பதில் சொன்னவன் அவன் பின்னாலேயே போவான் என்று. வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். குதிரையிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று நினைவில்லை. கூப்பிட்டிருந்தால் மறுபடி பனி சரிந்திருக்கும் என்று வழியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் குல்பாஷ் அண்ணி வீட்டில்தான் சாப்பிட்டேன். தேடப் போனவர்களுக்கெல்லாம் அவள் நூடுல்ஸ் சூப் காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். “குளிர்ல விறைச்சுப் போயிருக்கீங்க கொழுந்தனாரே, இன்னொரு கிண்ணம் குடிங்க,” என்று என் கிண்ணத்தை வாங்கி மறுபடியும் நிரப்பினாள்.

மூன்றாம் நாளோடு தேடல் நின்றது. பனி உருகட்டும் என்றார்கள்.

அது உருக மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதமும் அவன் என்னை விடவில்லை. விறகு பிளந்தால் கோடரி விழுந்த பிறகு இன்னும் இரண்டு தட்டுக் கேட்கும். பட்டப்பகலில், பால் கறக்கும் நேரத்தில், மசூதியில் தொழும்போது. பசு தன்பாட்டுக்கு வாலை ஆட்டிக்கொண்டிருக்க, என் குதிரை மட்டும் கராஷாட் பக்கம் காதை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். அதற்கும் கேட்டிருக்க வேண்டும். கொட்டகைக்குள் போவதை நிறுத்தினேன். என் மனைவி வாயைத் திறந்தே கேட்டுவிட்டாள்: “உங்களுக்கு என்ன பிடிச்சிருக்கு? அவரு செத்தாரு, நீங்க ஏன் கூடவே சாகறீங்க?” பயமாக இருந்தது, அதுதான் உண்மை. அவன் கோபமாக இருக்கிறான், பேயாகத் திரிகிறான் என்று நம்பினேன். ஒரு வகையில் அந்தப் பேயே எனக்கு வசதியாக இருந்தது.

ஜூலையில் ஆடுகளை மேலே ஓட்டிப்போன மேய்ப்பர்கள் அவனைக் கண்டெடுத்தார்கள். ஒராஸும் இன்னும் நாலு பேரும் போய்க் கொண்டுவந்தார்கள். என்னைக் கொல்லைப்புறம் தனியாக இழுத்துப்போனான் ஒராஸ்.

“பனிக்கு அடியில இல்லண்ணே. பனிக்கு அந்தப் பக்கம், பாறைப் பொந்துல உக்காந்திருந்தான். கால் ஒடிஞ்சிருக்கு. பெல்ட்டால குச்சி வச்சுக் கட்டியிருக்கான். கையில ஒத்தக் கொம்பு. அதோட முனையெல்லாம் தேஞ்சு மொட்டையாயிருக்கு. பாறை பூரா வெள்ளை வெள்ளையாக் கீறல். தட்டிக்கிட்டே இருந்திருக்கான்.”

ஜோடியை அவன் கண்டுபிடித்துவிட்டான். கொம்புக்கு ஜோடியாகப் பாறை இருந்திருக்கிறது. எனக்கு இது தோன்றவே இல்லை. கொம்பு பொறுக்குகிற முட்டாளுக்குக் கொம்பைத் தவிர வேறு எது நினைவுக்கு வரும்? பேயென்று நினைத்து நான் வாயைப் பொத்திக்கொண்டு ஓடியபோது, அவன் உயிரோடு, நாற்பது அடி தள்ளி, என் பேரைத்தான் தட்டிக்கொண்டிருந்தான்.

“அண்ணிக்கு இது தெரியவே கூடாது,” என்றான் ஒராஸ். “பனி விழுந்ததுமே போயிட்டான்னு சொல்லிருவோம். நீ போய்ச் சொல்லுண்ணே. நீ சொன்னாத்தான் நம்புவாங்க.”

குல்பாஷ் அண்ணி உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கூட இருந்த பெண்கள் எனக்காக எழுந்து போனார்கள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பனி விழுந்தது, ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, வலி தெரிந்திருக்காது. நாக்கு தடங்கலில்லாமல் புரண்டது.

அவள் நெடுமூச்சு விட்டாள். தோள் இரண்டும் இறங்கின.

“அப்பாடா,” என்றாள். “பாவி நான், அப்பாடான்னு சொல்றேன் பாருங்க. அவரு எங்கயோ உக்காந்து நம்மள எதிர்பாத்துக்கிட்டே இருந்தாரோன்னு இத்தனை நாளா நெஞ்சு கிடந்து அடிச்சுக்கிச்சு. இனிமே தூங்குவேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். “ஊரெல்லாம் ஒரே இடத்துல தேடுச்சு. தனியா அலைஞ்சு தேடினது நீங்க ஒருத்தர்தான். அதை நான் மறக்கவே மாட்டேன் கொழுந்தனாரே.”

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அந்தக் கைதான் முடியவில்லை.

“பொய் அண்ணி,” என்றேன். “நான் சொன்னது அத்தனையும் பொய்.”

ஆற்றுத்துறையிலிருந்து ஆரம்பித்தேன். சிரல்கி கேட்டது, அவன் திரும்பிப் போனது, ‘இல்ல’ என்றது, பனிச்சுவர், தட்டு, ஓடியது. தேய்ந்த முனை, கட்டிய கால். எதையும் விடவில்லை. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. என் கைக்குள் அது மெல்ல மெல்லச் சில்லிட்டது.

பிறகு கேட்டாள்: “அது எத்தனாவது நாள்?”

“ரெண்டாம் நாள்.”

“ரெண்டாம் நாள்,” என்றாள். யோசித்தாள். “அன்னிக்கு நீங்க ரெண்டு கிண்ணம் குடிச்சீங்க.”

நான் தலையைக் குனிந்தேன். அப்போதுதான் அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

“எங்கிட்ட சொன்னா போதாது. வெளிய அவரோட தம்பி இருக்கான். அவரைப் பெத்தவரு இருக்காரு. குழி வெட்டப் போறதுக்கு முன்னாடி போய்ச் சொல்லுங்க. அவங்க என்ன செய்யணுமோ செஞ்சுக்கட்டும்.” மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெளியே வந்தேன். நல்ல வெயில். முற்றத்தில் ஆண்கள் நீள பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் அகேதிலின் அப்பா. ஒராஸ் என்னைப் பார்த்து, ‘சொல்லியாச்சா’ என்று கண்ணாலேயே கேட்டான். கிழவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர்ந்தார்.

“யாரு, ஸெய்னோல்லாவா? வாப்பா. எம்புள்ளைக்குக் கூட்டாளி, நீ ஏன் நிக்கற?”

எல்லோரும் நகர்ந்து, அவர் பக்கத்தில் எனக்கு இடம் விட்டார்கள்.