வெயிலில் கறுக்கும் கண்ணாடி

போடியில் விஜயபாண்டி முதலாளியின் ஏலக்காய்க் கடையில் இருபத்தாறு வருடமாக நிறம் பார்ப்பவன் நான். மலையிலிருந்து வரும் காயை முறத்தில் அள்ளி, வாசல் வெயிலில் பிடித்து, பச்சையா வெளிறலா, பெருசா சிறுசா என்று சொல்லவேண்டும். கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் நிறம் முடிவு செய்வது எங்கள் வழக்கம் இல்லை. சென்ற மாதம் பெருங்காயோடு சிறுகாயைக் கலந்து அனுப்பிவிட்டேன். முதலாளி கூப்பிட்டார்.

"காசிமாயா, ஒரு கண்ணாடியப் போடு. இன்னொரு தடவ தப்புனா மொறத்த மனோஜுகிட்ட குடுத்துருவேன்."

மனோஜ் அவருடைய அக்கா மகன்.

கண்ணாடிக் கடையில் அனுசியா என்ற பெண் பொறுமையாக விளக்கினாள். கிட்டத்துக்கு மட்டும் ஒரு வகை. மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்குமாக நடுவில் கோடு போட்டது ஒரு வகை. அதையே கோடு தெரியாமல் செய்தது இன்னொரு வகை.

"கோடு இருந்தா வயசு தெரிஞ்சுபோகும் தாயி. இல்லாததையே குடு."

"வெயில்ல தானா கறுத்து, நெழலுக்கு வந்தா தெளியிற மாதிரியும் இருக்கு சார். சாம்பல்ல வேணுமா, பழுப்புலயா? பழுப்புதான் உங்க மொகத்துக்கு எடுப்பா இருக்கும்."

முகத்துக்கு எடுப்பு என்றதும் அதற்கு முன்னால் சொன்னதெல்லாம் மறந்துபோனது; மேற்கொண்டு எதுவும் என் காதில் ஏறவில்லை.

கண்ணாடி வந்த முதல் நாள், குரங்கணியிலிருந்து பொன்னுமணி மூட்டையோடு ஜீப்பில் வந்து இறங்கினாள். சொந்தமாக இரண்டு ஏக்கர் ஏலக்காடு வைத்திருப்பவள். கடைக்குள் முறத்தில் கொட்டிப் பார்த்தேன். ஒரு காய் விடாமல் கிளிப்பச்சை. வாசலுக்குக் கொண்டுபோய்க் குலுக்கினேன். என் கண் முன்னாலேயே அத்தனை காயும் மங்கி மங்கிப் பழுப்பாகிவிட்டது.

"பொன்னுமணி, உள்ள பச்ச, வெயில்ல பழுப்பு. சாயம் கீயம் போட்டியா?"

தெருவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாயக்காய் என்று பேர் வந்துவிட்டால் போடியில் ஒரு கடையும் அவள் மூட்டையை அவிழ்க்காது.

"யாரு, நானா? சாயம்னா ஒட்டணும்ல?"

அவள் ஒரு கை காயைத் தண்ணீரில் முக்கி, என் வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் வைத்துத் தேய்த்தாள்.

"ஒட்டுதா? நல்லாப் பாருங்கண்ணே!"

குனிந்து பார்த்தேன். "இந்தா, சட்டையே பழுப்பா ஆயிருச்சே! கையி வரைக்கும் ஏறியிருக்கு!"

"கையில நான் தேய்க்கவே இல்லையே!"

சத்தம் கேட்டு முதலாளி வெளியே வந்தார். "என்னய்யா, கூலிங் கிளாஸ மாட்டிக்கிட்டு சண்ட போட்டுக்கிருக்க?"

கழற்றினேன். சட்டை வெள்ளை. காய் பச்சை. பொன்னுமணி மட்டும் சிவப்பு.

முதலாளி என் கையிலிருந்த முறத்தை வாங்கி, "மனோஜு!" என்றார்.

"பொறுங்க மொதலாளி," என்றாள் பொன்னுமணி. "சாயம்னு கத்துனாருல்ல, அதே சத்தத்துல இல்லன்னும் கத்தட்டும்."

"பொன்னுமணி காயில சாயம் இல்ல! கோளாறு என் கண்ணாடியில!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினேன். எதிர் டீக்கடையில் கைதட்டினார்கள்.

"இப்பச் சொல்றேன். மனோஜுத் தம்பிகிட்ட மொறத்தக் குடுக்காதீக. இவரு தப்புனா நாலு வார்த்த திட்டலாம். அதத் திட்டுனா அழுதுரும்."

மனோஜுக்கு அப்போதே உதடு கோணியது. முதலாளி அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"போ. கறுக்காத கண்ணாடியா மாத்திட்டு வந்து மொறத்தத் தொடு. அதுலயும் தப்புனா அவன்தான்."

நாலாம் நாள் வெள்ளைக் கண்ணாடியோடு வாசலில் நின்றேன். அடுத்த மூட்டையோடு பொன்னுமணியே வந்தாள். வெயிலிலும் காய் பச்சையாகவே நின்றது. கூடவே, இத்தனை நாள் என் கண்ணில் படாத புள்ளியும் சொறியும் ஒன்று விடாமல் தெரிந்தன. பொறுக்கிப் பொறுக்கித் தனியே ஒதுக்கினேன். முதலாளி ஒரு காயை எடுத்து வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு மனோஜின் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒதுக்கிய குவியல் பெருகுவதைப் பார்த்து பொன்னுமணி பக்கத்தில் வந்தாள்.

"வெயிலு சுள்ளுனு அடிக்குதேண்ணே. அந்தப் பழைய கண்ணாடிய எங்க வச்சீக? சும்மா மாட்டிக்கிருங்க."