மேரிசெலின் கார் ஓடுகிறார்

1.
டென்மார்க்கின் விபோர்க்கில் ஒரு சிறிய திரையரங்கில் எனக்கு முன்வரிசையில் இருந்த பெண்ணிடமிருந்து கிடைத்த கதை இது. முதலில் இப்படித் தொடங்கினேன்: "2009 மே மாதம். வன்னியின் வானத்தில் கடைசிப் புகையும்..."

(நிறுத்திவிட்டேன். இது படமெடுத்த றொஷானியின் வாக்கியம் அல்ல. அவளிடம் மற்றவர்கள் எதிர்பார்த்த வாக்கியம்.)

2.
றொஷானி இக்காஸ்ட் என்ற டெனிஷ் ஊரில் வளர்ந்தவள். தன் முதல் குறும்படத்துக்கு உதவி கேட்டுக் கோப்பன்ஹேகனில் ஒரு திரைப்பட நிதியத்துக்கு வந்திருந்தாள். நகைச்சுவைப் படம். கார் ஓடப் பழகும் ஒரு தமிழ்ப் பெண். பக்கத்து ஆசனத்தில் நடுங்கும் டெனிஷ் ஆசிரியர். நடிக்கப்போவது அவளுடைய அம்மா மேரிசெலின்.

போர் முடிந்த செய்தி வந்த வாரம் அது. மேரிசெலினின் தம்பி வன்னியில் இருந்தார். ஒரு தகவலும் இல்லை. மகள் தடுத்தும் கேளாமல் மேரிசெலின் கூடவே வந்து, தொலைபேசியைப் பிடித்தபடி வெளியே வாங்குப் பலகையில் இருந்தார்.

நிதியத்தார் நல்லவர்கள். (கெட்டவர்களாக எழுதினால் என் வேலை சுலபம். ஆனால் கோப்பி ஊற்றிக் கொடுத்த அதிகாரியின் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன.)

"இப்போது நகைச்சுவையா?" என்றார் அவர். "உன் அம்மாவின் துயரத்தைப் படமாக்கு. கூட்டுத் தயாரிப்புக்கு ஜெர்மனியும் பிரான்சும்கூட வரும்."

றொஷானி வெளியே வந்தாள்.

"அம்மா, படத்தை மாத்தினா உதவி நிச்சயமாம். நீங்கள் மாமாவை நினைச்சுக் கமராவுக்கு முன்னால அழவேணுமாம்."

"நீ என்ன சொன்னனீ?"

"ஒண்டும் சொல்லேல்ல. உங்களைக் கேக்காமல் எப்பிடி?"

"அழுகை வந்தா நான் அழுவன் பிள்ளை. அதுக்கு அவை ஏன் லைற் பிடிக்கினம்? நான் கார் ஓடத்தான் வந்தனான்."

றொஷானி உள்ளே போய், "நை, தக்" என்றாள். வேண்டாம், நன்றி.

3.
(நிதியம் மனம் மாறி அவளைத் திரும்ப அழைப்பதாக ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். அழைக்கவில்லை.)

இளையவர்களுக்குக் கமரா இரவல் கொடுக்கும் ஒரு திரைப்படப் பட்டறை கைகொடுத்தது. ஆசிரியராக அயல்வீட்டு டெனிஷ்காரர் நடித்தார். மேரிசெலின் ரவுண்டபவுட்டிலிருந்து வெளியேறத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தார். அது திரைக்கதையில் இல்லை. சில காலைகளில் அவர் முகம் வீங்கியிருக்கும். அப்போது றொஷானி கமராவைத் தொடமாட்டாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பாள்.

விபோர்க்கில் படம் ஓடியது. டெனிஷ்காரர்கள் ஓரிடத்தில் சிரித்தார்கள், நம்மவர்கள் இன்னோரிடத்தில். ரவுண்டபவுட்டில் அரங்கமே சிரித்தது. விளக்கு எரிந்ததும் ஒருவர் கேட்டார்: "நீங்கள் இந்தப் பிள்ளையின்ர தாயோ?"

"ஓம்," என்று எனக்கு முன்வரிசையிலிருந்து மேரிசெலின் எழுந்து நின்றார். "கதாநாயகியும் நான்தான்."

வாசலில் நின்ற றொஷானிக்கு அது கேட்டது. எந்த நிதியமும் தந்திருக்க முடியாத ஒன்று கையில் கிடைத்ததுபோல நிமிர்ந்து நின்றாள்.

4.
தம்பிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பதில் எனக்குத் தெரியும். அதை வைத்து ஒரு முடிவும் எழுதினேன்: "அன்று மாலை தொலைபேசி..."

அந்த வரியை அடித்துவிட்டேன். நீங்கள் வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அச்சுக்குக் கொடுக்குமுன் மேரிசெலினிடம் ஒரு சொல் கேளுங்கள்.