நல்ல கிருமி

தம்பிக்கு மறுபடியும் காய்ச்சல் என்றதும் அக்காவுக்குக் கவலையோடு கவலையாகக் கொஞ்சம் திருப்தியும் வந்தது. பழி போட ஆள் பக்கத்திலேயே இருந்தாள்: தம்பி பெண்டாட்டி.

"தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன் சிஸ்டர். இவதான் மருந்து ஏத்தற அந்தக் கழுத்துக் குழாயைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கறா. சுத்தம்னா என்னன்னே தெரியாது" என்று வார்டு நர்ஸிடம் புகார் சொன்னாள்.

ரத்தப் புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்து தம்பியின் எதிர்ப்புச் சக்தியைத் துடைத்து எடுத்திருந்தது. அந்த அறையில் தும்மினாலே பழி வரும். தம்பி பெண்டாட்டி கட்டிலை விட்டு நகர்ந்து நின்றாள். நகர்ந்தால் மட்டும் அக்கா விட்டுவிடுவாளா?

"கையக் கழுவிட்டு வீட்டுக்குப் போ. அவனை நான் பார்த்துக்கறேன்" என்று எல்லார் எதிரிலும் விரட்டினாள். அவள் வீட்டுக்குப் போகாமல் வராந்தா நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

அக்காவின் கைப்பையில் ஒரு டப்பா இருந்தது. வயிற்றுக்கு நல்லது செய்யும் கிருமிகளை அடைத்த கேப்சூல். வெளி மருந்து எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர்களுக்கு என்ன, சொல்வார்கள். தம்பிக்கு வயிறு போய்க்கொண்டே இருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், தினமும் ஒன்றைப் பிரித்து ஜூஸில் கலந்து கொடுத்துவந்தாள்.

லேப் டாக்டர் வார்டுப் பக்கமே வராதவர். அன்று வந்து, இரண்டு பெண்களையும் எதிர் அறைக்கு அழைத்து உட்கார வைத்தார்.

"அவர் ரத்தத்துல வளர்ந்தது வழக்கமா வர்ற கிருமி இல்ல. ரொம்ப அபூர்வம். எங்களுக்கே நம்பிக்கை இல்லாம திரும்ப ரத்தம் எடுத்துப் பார்த்தோம். அதேதான். வயித்துக்கு நல்லதுன்னு கேப்சூல் விக்கிறாங்களே, அதுல இருக்கிற வகை. யாராவது கொடுத்தீங்களா?"

"இவளைக் கேளுங்க" என்றாள் அக்கா. நாக்கு முந்திக்கொண்டது.

"நான் கொடுக்கல டாக்டர்" என்றாள் தம்பி பெண்டாட்டி.

"அப்போ குழாய்லதான் ஒட்டிக்கிட்டிருக்கணும். அதை எடுத்துட்டு வேற இடத்துல புதுசா போடணும். ரத்தம் உறையற சக்தியே அவருக்கு இப்போ இல்ல. குத்தற இடத்துல ரத்தம் நிக்கலேன்னா உயிருக்கே ஆபத்து. யாரோ கொடுத்ததுன்னு தெரிஞ்சா அதை நிறுத்திட்டு, சரியான மருந்து போட்டு, குழாயைத் தொடாமலே சமாளிச்சுப் பார்க்கலாம்."

அக்கா கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். டப்பாவைக் குப்பையில் போட்டால் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. போயும் போயும் இவள் முன்னாலா தலைகுனிவது? அதைவிட... எதிர் அறையில் தம்பி இருமுவது கேட்டது.

கைப்பையைத் திறந்து டப்பாவை மேஜைமேல் வைத்தாள்.

"நல்லதுன்னு நினைச்சுத்தான்..."

டாக்டர் மிச்சத்தைக் கேட்க நிற்கவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே போனார்.

தம்பி பெண்டாட்டி எழுந்தாள். கத்தப்போகிறாள் என்று அக்கா காத்திருந்தாள். கத்தியிருந்தால் பதிலுக்கு இவளும் கத்தியிருப்பாள், மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

"கையக் கழுவிட்டு வீட்டுக்குப் போங்க அண்ணி" என்றாள் அவள். "அவரை நான் பார்த்துக்கறேன்."